டிஸ்க் போடுற வாய் இருக்கா?

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து அக்கா கோல் எடுத்தார். மருமகன் ஓ.எல். எழுதி முடித்துவிட்டானாம். சோதனைக்கு முன்னம் கொடுத்த வாக்கை இப்போது காப்பாற்ற வேண்டுமாம். “தம்பி, ஒரு கேம் மெஷின் வாங்கோணும். கடைக்காரர் பிஎஸ் ஃபைவ் எண்டுறார், ஸ்லிம் எண்டுறார், டிஜிட்டல் எண்டுறார், ஸ்விட்ச் எண்டுறார். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. எது நல்லது?”

“அவன்ர கூட்டாளிமார் எதில விளையாடுறாங்கள்?” என்று கேட்டேன். தெரியாது என்றார். வீட்டு இன்டர்நெட் மாதம் எத்தனை ஜிபி என்று கேட்டேன். அதுவும் தெரியாது. டிவியில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா என்று கேட்டதும் சினந்துவிட்டார். “நான் மெஷினைக் கேட்டால் நீ ஏன் வீட்டை விசாரிக்கிறாய்?”

கோபம் நியாயம்தான். ஆனாலும் வாங்கப்போகிற வீட்டைத் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. அக்காவுக்கு ஒரு மணி நேரம் ஃபோனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் கொன்சோல் என்றால் என்ன? விளையாட்டுக்கென்றே செய்த கொம்பியூட்டர், அவ்வளவுதான். டிவியில் செருகி, கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தால் வேலை முடிந்தது. சாதாரண கொம்பியூட்டரின் உறுப்புகளைக் கழற்றி மாற்றலாம். கொன்சோல் பூட்டிய பெட்டி. 2020 நவம்பரில் வந்த பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) அன்றைக்கு எவ்வளவு வேகமோ, இன்றைக்கும் அதே வேகம்தான். இது குறையில்லை. கேம் செய்கிறவர்கள் அந்த ஒரே பெட்டியை மனதில் வைத்துச் செதுக்குவதால், ஆறேழு வருடத்துக்குப் புதுக் கேம் எல்லாம் அதில் ஓடும். ஆனால் இன்னொரு பூட்டும் உண்டு. பிளேஸ்டேஷனுக்கு வாங்கிய கேம் மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸில் ஓடாது, எக்ஸ்பொக்ஸுக்கு வாங்கியது நின்டெண்டோவின் ஸ்விட்சில் ஓடாது. கம்பனிகள் பெட்டியில் பெரிதாக இலாபம் பார்ப்பதில்லை, சில காலங்களில் நட்டத்துக்குக்கூட விற்றிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பது கேமிலும் மாதக் கட்டணத்திலும்தான்.

நாங்கள் வளர்ந்த காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. 2000ஆம் ஆண்டு வந்த பிஎஸ்2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. எங்கள் ஒழுங்கையில் நான் பார்த்ததெல்லாம் ‘சிப்’ அடித்த, அதாவது கொப்பி அடித்த சீடியும் ஓடும்படி மாற்றிய பெட்டிகள். கேம் சீடி ஒன்று கொத்துரொட்டி விலைக்குக்கூட வராது. பெட்டியை வாங்கினால் எல்லாவற்றையும் வாங்கின மாதிரி. இன்றைக்குப் பெற்றோராக இருக்கிற பலர் மனதில் அந்தக் கணக்குத்தான் இன்னும் ஓடுகிறது. பெட்டிக்குக் காசு சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள்.

இப்போது புதிதாக வரும் பெரிய கேம் ஒன்று வழமையாக 70 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. வருடத்துக்கு நாலு கேம் என்றால் மூன்று வருடத்தில் கேமுக்கு மட்டும் இரண்டரை லட்சம். அதனால் கடையில் பெட்டியின் விலையைக் கேட்கும்போதே, கேமை எந்த வழியால் எடுக்கப்போகிறோம் என்றும் யோசிக்க வேண்டும்.

பெட்டியின் விலையைப் பற்றி இரண்டு வார்த்தை. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, அந்த வருடம் மே மாதமே 360 அளவுக்குப் போய்விட்டது. 500 டொலர் பெட்டி, அமெரிக்காவில் ஒரு சதம்கூட ஏறாமலே, இங்கே ஒரு லட்சத்திலிருந்து ஒரு லட்சத்து எண்பதாயிரமாகிவிட்டது. கப்பல் செலவு, 18 வீத வற், கடைக்காரர் இலாபம் எல்லாம் அதற்கு மேல். இன்னொரு விஷயம், கொன்சோல் பழசாகப் பழசாக விலை இறங்குவதுதான் முந்தைய வழக்கம். இந்தமுறை தலைகீழாகிவிட்டது. 2020இல் 500 டொலருக்கு வந்த பிஎஸ்5ஐ 2025 ஓகஸ்டில் அமெரிக்காவிலேயே 550 ஆக்கினார்கள். எக்ஸ்பொக்ஸ் அதே வருடம் இரண்டு தரம் ஏற்றியது. ஆகவே மலியும் என்று காத்திருக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

சரி, தலைப்புக்கு வருவோம். பிஎஸ்5 இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில் டிஸ்க் போடும் வாய் இருக்கும். மற்றது டிஜிட்டல், வாய் இல்லை, எல்லாக் கேமையும் ஒன்லைனில்தான் வாங்க வேண்டும். டிஜிட்டல் கொஞ்சம் மலிவு. பார்த்தவுடன் அதைத்தான் எடுக்கத் தோன்றும். கொழும்பில் இருக்கிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

காரணம் எளிது. டிஸ்க் உங்கள் சாமான். விளையாடி முடித்தால் விற்கலாம். இக்மன் போன்ற தளங்களில் போடலாம், பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும் கேம் விற்கும் கடைகளில் காசு கட்டி மாற்றித் தருவார்களா என்று கேட்கலாம், கூட்டாளிக்கு இரவல் கொடுத்து அவனுடையதை வாங்கலாம். நாலு பேர் வருடத்துக்கு ஆளுக்கு இரண்டு டிஸ்க் வாங்கிச் சுற்றவிட்டால் எட்டுக் கேம் விளையாடியாயிற்று. மேலே போட்ட இரண்டரை லட்சக் கணக்கு அப்படியே சுருங்கிவிடும். டிஜிட்டலில் வாங்கிய கேம் உங்கள் ஒன்லைன் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், விற்க முடியாது. இன்னொரு இலாபமும் இருக்கிறது. பிஎஸ்5 ஏறக்குறைய எல்லா பிஎஸ்4 கேமையும் ஓட்டும். பிஎஸ்4 வந்தது 2013இல். பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்த பாவித்த பிஎஸ்4 டிஸ்க்குகள் ஊருக்குள் கிடக்கின்றன. வாய் இருக்கிற பெட்டிக்கு அவ்வளவும் தீனி.

2023 இறுதியில் வந்த ஸ்லிம் மாடலில் ஒரு வசதி செய்தார்கள். டிஜிட்டல் வாங்கியவர் பிறகு வாயை மட்டும் தனியாக வாங்கிப் பூட்டலாம். பூட்டும்போது ஒருதரம் இன்டர்நெட் வேண்டும். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவுக்கு, அந்த விலை கொடுத்தும், வாய் இல்லை. தனியாகத்தான் வாங்க வேண்டும். ப்ரோ வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு முதலில் வீட்டில் பெரிய 4கே டிவி இருக்கிறதா என்று பாருங்கள். 32 இஞ்சி டிவியில் ப்ரோவுக்கும் சாதாரண பிஎஸ்5க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவருக்கு என் செலவில் ஃபலூடா.

டிஸ்க் என்றால் இன்டர்நெட் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்க்கைப் போட்டாலும் கேம் பெட்டிக்குள் பதிவாக வேண்டும், பிறகு திருத்தங்கள் டவுன்லோட் ஆகும். சில டிஸ்க் பெயருக்குத்தான் டிஸ்க். 2022இல் வந்த கோல் ஒஃப் டியூட்டி மொடர்ன் வொர்ஃபெயார் 2 டிஸ்க்கில் நூறு எம்பிகூட இல்லை, முழுக் கேமையும் டவுன்லோட் செய்ய வேண்டியிருந்தது. பெரிய கேம் 100 ஜிபி வரும். 20 எம்பிபிஎஸ் லைனில் அது இறங்கப் பதினொரு மணித்தியாலம் பிடிக்கும். நேரத்தைவிட ஜிபிதான் கடிக்கும். மாதம் 100 ஜிபி பக்கேஜ் வைத்திருக்கிற வீட்டில் ஒரு கேம் இறங்கினால், அம்மா நாடகம் பார்க்க ஏதும் மிஞ்சாது. இரவு நேரத்துக்குத் தனி ஜிபி தருகிற பக்கேஜ் என்றால் டவுன்லோடைப் படுக்கப்போகும்போது தொடங்கிவிடுங்கள்.

அடுத்ததுதான் புதிதாக வாங்குகிற ஆட்கள் வழுக்கி விழுகிற இடம். பிளேஸ்டேஷனில் கணக்குத் திறக்கும்போது எந்த நாடு என்று கேட்கும். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே எல்லாரும் அமெரிக்கா, இங்கிலாந்து, சிங்கப்பூர், இந்தியா என்று எதையாவது தெரிவு செய்துவிட்டுப் போகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்யாதீர்கள், ஏனென்றால் அந்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் புதுக் கணக்குத்தான், பழையதில் வாங்கியது பழையதிலேயே கிடக்கும். எங்கள் வங்கி அட்டை வெளிநாட்டுக் கணக்கில் ஏறாமல் திரும்புவதும் வழக்கம். அதனால் கிஃப்ட் கார்ட் வாங்கி நிரப்புவார்கள், அந்தக் கார்டும் கணக்கின் நாட்டோடு பொருந்த வேண்டும்.

இதற்குள் டிஸ்க்குக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. எந்த நாட்டு டிஸ்க்கும் எந்த பிஎஸ்5இலும் ஓடும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தக் கேமுக்கு மேலதிகமாக விற்கிற பகுதிகள், புது வீரர்கள், புது மைதானங்கள் எல்லாம் டிஸ்க் எந்தப் பிராந்தியமோ அந்தப் பிராந்தியக் கணக்கில் வாங்கினால்தான் ஒட்டும். டிஸ்க் உறையின் முதுகைப் பார்த்து ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்ஓல் என்று பிராந்தியம் சொல்லிக்கொள்வது இதைத்தான். நான் இதைப் படித்த விதம் வேடிக்கை. சண்டைக் கேம் ஒன்றின் டிஸ்க்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினேன், அது ஐரோப்பிய டிஸ்க். என் கணக்கு அமெரிக்கா. 25 டொலர் கார்ட் போட்டுப் புதுப் பாத்திரங்களை வாங்கிவிட்டுப் பார்த்தால் கேமுக்குள் ஒருத்தரையும் காணவில்லை. காசும் திரும்பவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது, “டிஸ்க் வேலை செய்யுதுதானே?” என்று கேட்டார். வேலை செய்தது. என்ன சொல்ல? அன்றிலிருந்து டிஸ்க் வாங்குவதற்கு முன் முதுகைத் திருப்பிப் பார்க்கிறேன்.

ஒன்லைனில் கூட்டாளிமாரோடு விளையாடுவதற்குத் தனிக் கட்டணம் இருக்கிறது என்பதும் பலருக்குக் காசு கட்டிய பிறகுதான் தெரியவரும். பிளேஸ்டேஷனில் பிளஸ் என்று பெயர். காசு கொடுத்து வாங்கிய கேமை ஒன்லைனில் விளையாட இது வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவசக் கேமுக்கு வேண்டாம். எக்ஸ்பொக்ஸிலும் ஸ்விட்சிலும் இதே முறைதான், ஸ்விட்சில் கட்டணம் குறைவு.

எக்ஸ்பொக்ஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லப்போகிறேன். சீரிஸ் எக்ஸ் நல்ல பெட்டி. காகிதத்தில் பிஎஸ்5ஐவிடக் கொஞ்சம் பலம்கூட, 12 டெராஃப்ளொப்ஸுக்கு (கணக்குப்போடும் வேகத்தின் அளவு) 10.28. கண்ணால் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது. சீரிஸ் எஸ் சின்னது, டிஸ்க் வாய் கிடையாது. எக்ஸ்பொக்ஸின் ருசி கேம் பாஸ்தான். மாதக் கட்டணம் கட்டி நூற்றுக்கணக்கான கேமை விளையாடலாம். ஆனால் அதன் மேல்தட்டுக் கட்டணத்தை 2025 ஒக்டோபரில் ஒரேயடியாக 20 டொலரிலிருந்து 30 ஆக்கிவிட்டார்கள். கேம் முழுவதும் டவுன்லோட், கட்டணம் டொலரில். எக்ஸ்பொக்ஸுக்கு மட்டுமே என்று இருந்த கேம்களும் இப்போது வெளியே போகின்றன. ஃபோர்ஸா ஹொரைஸன் 5 கார்ப் பந்தயம் 2025 ஏப்ரலில் பிஎஸ்5க்கே வந்துவிட்டது. எல்லை இல்லாத ஃபைபர் லைன் வீட்டில் இருந்து, கூட்டாளிமாரும் எக்ஸ்பொக்ஸ் என்றால் வாங்குங்கள். மற்றவர்களுக்கு இங்கே அதை வாங்கச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

நின்டெண்டோ ஸ்விட்ச் வேறு சாதி. 2017இல் வந்தது. கையில் வைத்தும் விளையாடலாம், டிவியிலும் மாட்டலாம். பக்கத்தில் இருக்கிற இரண்டு கொன்ட்ரோலரையும் கழற்றி ஆளுக்கொன்று பிடித்தால் இரண்டு பேர் விளையாடலாம். பிஎஸ்5 பெட்டிக்குள் ஒரு கொன்ட்ரோலர்தான் வரும், தங்கைக்கு இன்னொன்று வாங்கப் போனால் விலை கேட்டு மூச்சு வாங்கும். ஆறு, எட்டு வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீடு, விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ ரயிலில் போகிற குடும்பம் என்றால் நான் யோசிக்காமல் ஸ்விட்ச்தான் சொல்வேன். மரியோ கார்ட்டைப் பாட்டிகூட அரை மணி நேரத்தில் பழகிவிடுவார். கேம்கள் அளவில் சின்னவை, பலது 20 ஜிபிக்குள் முடிந்துவிடும். பற்றரி இருப்பதால் கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது.

அதன் குறை, மரியோவும் செல்டாவும் விலை இறங்கமாட்டார்கள். ஐந்து வருடப் பழைய நின்டெண்டோ கேமும் புது விலைக்கே போகும். விற்கும்போது உங்களுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்பது ஒரு ஆறுதல். கொன்ட்ரோலரின் குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கிற வருத்தம் முதல் ஸ்விட்சில் பேர்போனது. ஸ்விட்ச் லைட் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதை டிவியில் மாட்ட முடியாது. தெரியாமல் வாங்கிவிட்டுக் கேபிள் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தது. இதில் இங்குள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் அதை இரண்டு விதமாக விற்கிறார்கள். வெளிவந்தபோது ஒன்று 49,980 யென், மற்றது 69,980 யென். மலிவானதில் ஜப்பான் மொழி மட்டும்தான், ஜப்பான் கணக்கைத் தவிர வேறெதுவும் ஏறாது. ஜப்பானில் வேலை செய்கிற மாமா ஆசையாக வாங்கி அனுப்புவது பெரும்பாலும் அந்த மலிவானதாகத்தான் இருக்கும். 2025 நவம்பரில் சோனியும் பிஎஸ்5 டிஜிட்டலில் இதேபோல் ஜப்பான் மொழி மட்டும் உள்ள மலிவுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. மாமாவுக்கு முதலே சொல்லிவையுங்கள். ஸ்விட்ச் 2இன் சில கேம் கார்டுகளில் கேமே இருக்காது, டவுன்லோடுக்கான திறப்பு மட்டும்தான் இருக்கும் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருகிற சொந்தக்காரர் கொண்டுவரும் பெட்டிகளில் கரண்ட் பிரச்சினை கிடையாது. இன்றைய கொன்சோல்களின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அங்கே கொடுத்த வாரண்டியை இங்கே யாரும் பார்க்கமாட்டார்கள். கடையில் வாங்கினால் வாரண்டி யாருடையது, திருத்துவது யார், எத்தனை நாளில் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கையில் காசு குறைவென்றால் பாவித்த பிஎஸ்4 இன்னும் மோசமில்லை. ‘ஜெயில்பிரேக்’ செய்த பிஎஸ்4ஐ முப்பது நாற்பது கேமோடு தருகிறோம் என்று சொல்பவர்கள் வருவார்கள். நம்முடைய பிஎஸ்2 காலத்துச் சிப் கணக்கின் பேரப்பிள்ளை அது. பூட்டை உடைத்த பெட்டி, பழைய மென்பொருளிலேயே நிற்க வேண்டும், அப்டேட் செய்தால் உடைத்த பூட்டு திரும்பப் பூட்டிக்கொள்ளும், ஒன்லைனில் போனால் தடை விழும். அதேபோல் ஒரு கணக்கைப் பல பேருக்குப் பங்குபோட்டு விற்கிற வியாபாரமும் நடக்கிறது. கணக்கின் சொந்தக்காரர் ஒருநாள் பாஸ்வேர்டை மாற்றினால் கேமும் போய்விடும், காசும் போய்விடும். பாவித்த பெட்டி வாங்கும்போது கடையில் நின்றே அரை மணி நேரம் ஓடவிட்டு, காற்றாடி இரைகிறதா, டிஸ்க் விழுங்குகிறதா, பெட்டியில் ஒன்லைன் கணக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். கடற்கரைப் பக்க வீட்டில் கிடந்த பெட்டி என்றால் பின்பக்க ஓட்டைகளில் துரு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கரண்ட் என்றதும் ஞாபகம் வந்தது. பிஎஸ்5 பெரிய கேமில் 200 வோட் அளவில் இழுக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் பன்னிரண்டு யூனிட். அதைவிடப் பெரிய செலவு திடீரென்று கரண்ட் போவது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றால் சேமித்த ஆட்டம் கெட்டுவிடலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டதே, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னாரே, அன்று மாலை எத்தனை பெடியள் குரங்கைத் திட்டினார்களோ. கொம்பியூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். அதில் விளையாட்டைத் தொடர முடியாது, ஒழுங்காக நிறுத்த இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும்.

டிவிக்கு எச்டிஎம்ஐ இருந்தால் போதும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் மட்டும் உள்ள பழைய டிவியில் இவை எதுவும் நேரடியாக ஓடாது.

அக்கா இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கோல் எடுத்தார். வீட்டை விசாரித்துவிட்டார். டிவியில் எச்டிஎம்ஐ இரண்டு இருக்கிறதாம். மருமகனின் கூட்டாளிமாரில் மூன்று பேரிடம் பிஎஸ்5, ஒருவனிடம் கொம்பியூட்டர். எல்லாருக்கும் கால்பந்தும் கிரிக்கெட் 24உம். அது இரண்டும் ஸ்விட்சிலும் இருக்கிறதே என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் மூன்று பேரும் பிஎஸ்5இல் விளையாடும்போது இவனுடைய ஸ்விட்ச் கார்டை யாரோடு மாற்றுவது? “அப்ப டிஸ்க் போடுற வாய் இருக்கிறதா பார்த்து எடுக்கிறன்” என்றார். “இன்னொண்டு அக்கா, அந்த டிஸ்க் பெட்டியின்ர கவரைக் கிழிக்கவேண்டாமெண்டு அவனிட்டச் சொல்லுங்கோ. கவர் இல்லாட்டி விக்கேக்க ஆயிரம் ரெண்டாயிரம் குறைப்பாங்கள்.”